பெல் அடித்தாலும் ஆட்டம் கலையாது

மத்தியானம் பள்ளிக்கூடம் என்றால் ஓர் இரைச்சல் இருக்க வேண்டும். தொண்டாமுத்தூர் ரோட்டில் அந்தப் பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர், அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் போண்டாவுக்கு மாவு கரைப்பார். ஐப்பசி மழையோடு அது நின்றுபோயிற்று. இப்போது சோற்று மணி அடித்தால் பிள்ளைகள் அவரவர் பெஞ்சிலேயே டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். சுவரில் மாட்டிய டிவியில் ஒரு பொம்மை முயல் பல் விளக்குவது எப்படி என்று பாடிக் காட்டுகிறது. வாய் பேசாமல் சாப்பிட்டு, வரிசையில் போய்க் கை கழுவி, திரும்பி வந்து முயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மைதானத்துக் கேட்டில் பூட்டு தொங்குகிறது.

பெரியவர்களுக்குப் பயம் வந்தால் கை முதலில் பூட்டைத்தான் தேடும். ஐப்பசியில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று டெங்குவில் போய்விட்டது. புகை அடிக்க வந்தவர்கள் மைதானத்து மூலையில் கிடந்த பழைய டயரில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததைக் காட்டினார்கள். கொசு எந்தத் தோப்பில் கடித்ததோ, எந்த வீட்டில் கடித்ததோ, அதை யார் கண்டது? ஆனாலும் பெற்றோர்கள் திரண்டு வந்து சத்தம் போட்டார்கள். மைதானம் மூடப்பட்டது. டயரை அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றிவிட்டார்கள். பூட்டு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அது தங்கிவிட்டதற்குக் காரணம் லோகப்பிரியா. நாலாம் வகுப்பு டீச்சர் அவள்தான். போன பிள்ளை நந்திதா, அவளுடைய மகள்.

பள்ளிக்கூடத்தில் மிஸ், வீட்டுக்கு வந்தால் அம்மா. இது நந்திதாவே போட்ட சட்டம். மற்ற பிள்ளைகள் கேலி செய்யக் கூடாது என்பதற்காக அவள் அதில் அவ்வளவு கறாராக இருந்தாள். ஒரு தடவை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றபோது அழுகையைக் கூட "மிஸ்ஸு..." என்றுதான் அழுதாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அந்தச் சட்டம் அவளுக்குக் குழம்பிப்போனது. "காலு நோவுது மிஸ்," என்றாள் ராத்திரியெல்லாம். லோகப்பிரியா விடிய விடியக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் நந்திதா தெளிவாக எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து லோகப்பிரியா வேலைக்குத் திரும்பினாள். அவள் கணவன் கதிர்வேல் வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்று கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. வந்த முதல் நாளே தலைமையாசிரியை ராமாமணியின் அறைக்குப் போனாள்.

"கிரவுண்டு மூடியே இருக்கட்டுமுங்க மேடம். அத்தனை புள்ளைக ஒண்ணாக் கத்துனா, அதுல ஒரு குரல் அவ குரலாவே கேக்குமுங்க. என்னால முடியாதுங்க."

ராமாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி லோகப்பிரியாவின் கையில் வைத்தாள். "நீ எப்பச் சொல்றியோ அப்பத் தொறந்துக்கலாம், அம்மணி. அதுவரைக்கும் யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

நல்ல மனசுதான். ஆனால் ஒரு தாயின் காதுக்காக ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஓடாத பிள்ளை கடிக்கும். கையில் கிடைத்தவன் தலையைப் பிடித்துப் பெஞ்சில் மோதும். மூன்றாம் வகுப்பில் ஒருவன் பிளாஸ்டிக் ஸ்கேலில் பாதியைத் தின்றேவிட்டான். டிபன் பாக்ஸ்கள் கொண்டுவந்த கனத்தோடு வீட்டுக்குத் திரும்பின. கடைசியில் மாசி மாதம் தாளாளர் வெங்கடபதியே வந்தார்.

"இப்பிடிச் சும்மா பூட்டி வெச்சிருந்தா எப்பிடீங்க? ஒண்ணு தொறந்து உடுங்க. இல்லீன்னா மரத்த வெட்டிப்போட்டுத் தகரக் கொட்டாய் போட்டறலாம். மத்தியானம் சாப்புட்ட கையோட அபாகஸ் கிளாஸ் வெச்சா பேரண்ட்ஸும் சந்தோசப்படுவாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ஏதாச்சும் ஒண்ணு சொல்லியாகோணுமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்ல வேண்டியவள் லோகப்பிரியா. ராமாமணி கொடுத்த வாக்கு அப்படி.

அந்த வாரத்தில்தான் லோகப்பிரியா பிள்ளைகளைக் கவனிக்க ஆரம்பித்தாள். கை கழுவப் போகும் வழியில் தாழ்வாரத்தில் ஒரு கம்பி ஜன்னல், மைதானத்தைப் பார்த்து இருக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதைக் கடக்கும்போது கம்பிக்கு வெளியே கையை நீட்டிவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கோயில் படியைத் தொட்டுக்கொண்டு போவது போல ஒரு பழக்கமாக இருந்தது அது.

இல்மா என்ற பெண் சாப்பிடும் வேளையில் உட்காருவதே இல்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அவள் அத்தா உமர் பாரூக் ஒருநாள் தையல் கடையைச் சாத்திவிட்டு நேரிலேயே வந்திருந்தார்.

"ஏனுங்க மிஸ், புள்ள மத்தியானச் சோத்தத் தொடறதே இல்லீங்க. வத்தலாட்டம் ஆயிட்டா. தர்காவுல ஓதித் தண்ணி குடுத்தும் பாத்துட்டோம். அந்தக் கிரவுண்டப் பாத்துப் பயந்துட்டா போலிருக்குதுங்க."

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்துவிட்டன, அந்த இடம் சரியில்லை, கொட்டகை போட்டுவிட்டால் நல்லது. பெரியவர்கள் தங்கள் பயத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, பாவம் பிள்ளை என்று உச்சுக்கொட்டுவார்கள். லோகப்பிரியாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இல்மாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு உக்கார மாட்டேங்கற? என்ன பயம் உனக்கு?"

"பயமெல்லாம் இல்லீங்க மிஸ்," என்றாள் இல்மா. "நந்திதா நிக்கறாளுங்க."

லோகப்பிரியா அவள் பக்கம் குனிந்தாள். "எங்க நிக்கறா?"

இல்மா ஜன்னலைப் பார்த்தாள். பின் பெஞ்சிலிருந்த சபரீஷ், இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி எழுந்து வந்து விளக்கினான். அவர்கள் விளையாடுவது லாக் அண்ட் கீ. துரத்துகிறவன் தொட்டுவிட்டால் லாக். தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அவருடைய டீம் ஆள் ஓடிவந்து அந்தக் கையைத் தொட்டு ரிலீஸ் என்று சொன்னால்தான் நகரலாம். இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதான். நாலாம் வகுப்பில் மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது.

"பெல் அடிச்சாலும் ஆட்டம் கலையாதுங்க மிஸ். நான் கஷ்டப்பட்டு எல்லாத்தையும் லாக் பண்ணி வெச்சிருப்பேன், பெல் அடிச்சு எல்லாம் தப்பிச்சுக்குவாங்க. அதுனால மறுநாள் அவங்கவங்க நின்ன எடத்துல இருந்துதான் ஆரம்பிக்கோணும்னு சொல்லிப்போட்டோமுங்க. நந்திதாவும் சரின்னு சொன்னாளுங்க. அன்னிக்கு நாந்தான் அவளப் புங்கமரத்துக்கிட்ட லாக் பண்ணுனேன். இல்மா ரிலீஸ் பண்ண ஓடியாந்தா. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சுங்க. மறுநாள் அவ லீவு. அவ வந்தாத்தான் ஆட்டம்னு நிறுத்தி வெச்சோமுங்க. அப்பறம் கிரவுண்டப் பூட்டிப்போட்டீங்க."

அந்த பெல்லை அடித்தது லோகப்பிரியாதான். வராண்டாவில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்தபோது மைதானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கடைசியாக ஒரு தடவை அவள் விளையாடுவதைப் பார்த்திருக்கலாம்.

வேறு யாராக இருந்தாலும் உடைந்து அழுதிருப்பார்கள். லோகப்பிரியாவுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ வெளிச்சம் போட்டது. இருக்கிறாள். சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து எல்லாரும் இல்லை இல்லை என்றார்களே, இதோ இருக்கிறாள். லாக் ஆகி நிற்கிறாள். எங்கேயும் போக மாட்டாள், போகவும் முடியாது.

மறுநாள் சோற்று மணி அடித்ததும் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து உள்ளே போய், பின்னாலேயே கேட்டைச் சாத்திக்கொண்டாள். புங்கமரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. தூரத்தில் மலை. போன வருஷம் யானை சாய்த்துவிட்டுப் போன பின்வேலி இன்னும் படுத்தே கிடந்தது. அதற்கப்பால் தென்னந்தோப்பு. லோகப்பிரியா மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாதக்கணக்கில் மண்ணைப் போல மென்று துப்பிய சோறு அன்று ருசித்தது. காற்று ஒரு பக்கமாக அடித்தது. ஆனால் மரத்துக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் சருகு அசையாமல் கிடப்பதாக அவளுக்குப் பட்டது. அந்த இடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

அதற்கடுத்த நாள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினாள். கதிர்வேல் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தான்.

"யாருக்கு இன்னொண்ணு?"

"ஸ்கூல்ல ஒரு புள்ளைக்குங்க. சாப்புடறதே இல்லை."

"செய்யி செய்யி. உனக்கும் மனசு கொஞ்சம் தேறுன மாதிரி இருக்குது," என்றான் அவன். முகத்தில் அவ்வளவு நிம்மதி. லோகப்பிரியா அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவனும் பங்குக்கு வருவான் என்று தோன்றியது. துக்கம் அவளை அந்த அளவுக்குக் கஞ்சத்தனமாக ஆக்கி வைத்திருந்தது.

ராமாமணியிடம் போய், "கொட்டாயும் வேண்டாமுங்க, தொறக்கவும் வேண்டாமுங்க. அப்பிடியே இருக்கட்டும்," என்றாள்.

"அப்பிடியேன்னா எத்தனை நாளைக்கு, அம்மணி?"

"எப்பவுமே."

"அப்பிடிச் சொன்னா வெங்கடபதி மரத்த வெட்ட ஆளு வரச் சொல்லிருவாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லு," என்றாள் ராமாமணி.

வியாழக்கிழமை மத்தியானம் லோகப்பிரியா மரத்தடியில் இரண்டு பாக்ஸையும் திறந்து வைத்தாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நந்திதாவுக்குப் பிடித்தது. "வெயிலா இருக்குது கண்ணு, இப்பிடி நெழலுக்கு வந்து உக்காரு. உக்காந்து ரெண்டு வாய் சாப்புடு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இல்மா நின்றாள். வகுப்பை விட்டு எப்படி வந்தாளோ. உதடு வெடித்து, கண் உள்ளே போய், உமர் பாரூக் சொன்ன மாதிரி வற்றலாகத்தான் இருந்தாள்.

"அவளால உக்கார முடியாதுங்க மிஸ். லாக்ல உக்காரக் கூடாதுங்க. சாப்புடவும் கூடாது. தண்ணி குடிக்கவும் கூடாது. கைய நீட்டீட்டே நிக்கோணுமுங்க." இல்மா மரத்தடியைப் பார்த்தாள். "அன்னிக்கிருந்து நின்னுட்டே இருக்கறாளுங்க. அவளுக்குக் காலு நோவுமுங்க மிஸ்."

லோகப்பிரியாவின் கையிலிருந்த சோறு கீழே விழுந்தது. காலு நோவுது மிஸ். விடிய விடியப் பிடித்துவிட்ட அந்தச் சின்னக் கால்கள் இரண்டும் அவள் உள்ளங்கைக்குத் திரும்பி வந்துவிட்டன. மழையில் நின்றிருக்கிறாள். பனியில் நின்றிருக்கிறாள். இப்போது இந்த வெயிலில். பெற்ற தாய் எதிரில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு, அவளை நிற்கவைத்துப் பூட்டையும் போட்டு வைத்திருக்கிறாள். லோகப்பிரியாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பாக்ஸை மூடக்கூடத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சோற்று மணி அடித்ததும் டிவியை நிறுத்தினாள். முயல் பாதிப் பல்லோடு மறைந்தது.

"சாப்பாடு அப்பறம். எல்லாரும் வாங்க."

கேட்டைத் திறந்து ஓரமாக நின்றாள். அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்தாள். யாரும் ஓடவில்லை. உள்ளே போய், ஒவ்வொருவரும் ஓர் இடத்தைத் தேடி நின்றார்கள். ஒருத்தி தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். இருவர் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம். ஒருவன் ஓர் அடி தள்ளி நின்றதற்குப் பக்கத்தில் இருந்தவன் அவனைத் திருத்தினான். எத்தனை மாதம் ஆயிற்று! வாய்ப்பாடு ஒரு வாரம் தங்காத மண்டைகள் அவை. நின்ற இடத்தை ஒருவரும் மறக்கவில்லை. இல்மாவின் டீமில் மற்ற எல்லாரும் ஏற்கெனவே லாக், கையை நீட்டியபடி நின்றார்கள். இல்மா மட்டும் ஒரு காலை முன்னால் வைத்து, ஓடிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றதுபோல் நின்றாள். அவளுக்கும் புங்கமரத்துக்கும் நடுவில் சபரீஷ். மரத்துக்குக் கிட்டே யாரும் போகவில்லை.

"ஸ்டார்ட் சொல்லுங்க மிஸ்," என்றான் சபரீஷ்.

"ஸ்டார்ட்."

இல்மா பாய்ந்தாள். சபரீஷ் விட்டுவிடுவான் என்றுதான் லோகப்பிரியா நம்பினாள். எந்தப் பெரிய ஆளும் விட்டிருப்பான். சபரீஷ் விடவில்லை. விளையாட்டில் விட்டுக்கொடுப்பது ஏமாற்று வேலை என்று நினைக்கிற ஜாதி அவன். இல்மா இடம் போக்குக் காட்டி வலம் திரும்பியபோது எட்டி அவள் தோளைத் தொட்டுவிட்டான். சாப்பிடாத உடம்பு, அதற்குமேல் ஓட முடியவில்லை. இல்மா கையை நீட்டியபடி நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. லாக் ஆனவள் என்பதால் அதைத் துடைக்கவில்லை.

எல்லாரும் லாக். இனி ரிலீஸ் பண்ண ஆள் இல்லை. சபரீஷ் ஜெயித்துவிட்டான், ஆட்டம் முடிந்தது. ஆனால் அவன் கத்தவில்லை. திரும்பி லோகப்பிரியாவைப் பார்த்தான்.

"மிஸ், நீங்க எந்த டீமுங்க?"

வராண்டாவில் ராமாமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. லோகப்பிரியா செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"நந்திதா டீம்," என்றாள். ஓடினாள்.

சபரீஷ் நிஜமாகவே துரத்தினான். அவன் மூச்சு முதுகில் பட்டது. கல் குத்தியது, நெருஞ்சி குத்தியது. வளைந்தாள், திரும்பினாள், மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். சருகு அசையாத அந்த இடத்தில் கையை நீட்டினாள். எந்த உயரத்தில் நீட்ட வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் பின்னல் போட்டுவிட்ட பிள்ளை.

கை தொட்டது வெறும் காற்றைத்தான். சூடான மாசிக் காற்று. ஆனால் கையை எடுக்க மனசு வரவில்லை. வார்த்தையும் வரவில்லை. சொல்லிவிட்டால் நாளைக்கு இங்கே யார் இருப்பார்கள்? இரண்டாவது டிபன் பாக்ஸை யாருக்குக் கட்டுவாள்?

சபரீஷ் ஒரு கை தூரத்தில் மூச்சு வாங்க நின்றுவிட்டான். "சொல்லோணுமுங்க மிஸ். சொன்னாத்தான் ரிலீஸ்," என்றான் மெதுவாக.

"ரிலீஸ்," என்றாள் லோகப்பிரியா. "ஓடு கண்ணு. ஓடு."

எதுவும் நடக்கவில்லை. காய்ந்த இலை ஒன்று உருண்டு போயிற்று. அப்புறம், தூரத்தில், நீட்டிக்கொண்டிருந்த இல்மாவின் கை யாரோ தட்டிவிட்டது போலத் துள்ளியது.

"நந்திதா என்னை ரிலீஸ் பண்ணிட்டாளுங்க மிஸ்!" என்று வீறிட்டுவிட்டு இல்மா ஓடினாள். வழியில் இருந்த கைகளையெல்லாம் தட்டிக்கொண்டே ஓடினாள். சபரீஷும் சட்டென்று திரும்பிப் பறந்தான். ஆனால் இல்மாவைத் துரத்தவில்லை. பின்வேலியைப் பார்த்து, தென்னந்தோப்பைப் பார்த்து ஓடினான். மைதானத்திலிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில், மரத்தடியிலிருந்து வேலி வரைக்கும் திரும்பின. லோகப்பிரியாவும் பார்த்தாள். வேலி இருந்தது, தோப்பு இருந்தது, மலை இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது அவளுக்கு.

சாய்ந்த வேலியருகே சபரீஷ் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தோற்றவன் வருகிற மாதிரி காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"போயிட்டாளுங்க மிஸ். எட்டி எட்டிப் புடிக்கப் பாத்தேன். சிக்கலீங்க."

"அவ சிக்க மாட்டா," என்றாள் லோகப்பிரியா. அதற்குமேல் நிற்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்து, ஐப்பசியிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் வாய்விட்டு அழுதாள். ராமாமணி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லோகப்பிரியா மடியிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"தொறந்தே இருக்கட்டுமுங்க மேடம். கொட்டாய் வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

கேட் திறந்திருப்பதைக் கண்டு மற்ற வகுப்புகளும் கொட்டிக்கொண்டு வந்துவிட்டன. இல்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "பசிக்குதுங்க மிஸ்," என்றாள். மரத்தடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, லோகப்பிரியா அன்றும் கட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டாவது பாக்ஸை வழித்துத் தின்றாள். மைதானம் முழுக்க ஒரே கூச்சல். ரோட்டுக்கு எதிரே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். லோகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கூச்சலுக்குக் காதைக் கொடுத்தாள். ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்டாள். சபரீஷ் குரல் இருந்தது. குழாயடியில் சண்டை போடும் குரல்கள் இருந்தன. அவள் பயந்தது போல ஒன்றும் இல்லை. நந்திதாவின் குரல் அதில் எங்கேயும் இல்லை.

இடைவேளை முடிந்தது. லோகப்பிரியா வராண்டாவுக்குப் போய் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தாள். தண்டவாளத் துண்டுக்குக் கிட்டே கொண்டுபோன கையை நிறுத்திவிட்டு, மைதானத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாராச்சும் இன்னும் லாக்ல இருக்கீங்களா?"

குழாயடியில் ஒரு சின்னக் கை நீண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் அதைத் தொட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அடித்தாள்.